வாட்ச் சொன்னால் வேதமா?

சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் வட்டார வாசகர்கள் இந்த முறை பேசிவைத்துக்கொண்டு ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச், விரலில் மாட்டும் ரிங், அவை சொல்லும் இதயத்துடிப்பும் தூக்கமும். சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த இதழ்வரை பொறுத்திருக்கட்டும்.

*பேத்தி பிறந்தநாள் பரிசாக ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டாள். அது காட்டும் பல்ஸை நம்பலாமா?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சதுரங்கப்பட்டினம்

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நம்பலாம். பேத்தியைத் துரத்திக்கொண்டு ஓடும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

வாட்சின் முதுகில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, வேலை முழுவதும் அதனுடையதுதான். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி நாளங்களில் ரத்தம் கொஞ்சம் கூடும். திரும்பிவரும் ஒளி கொஞ்சம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் பல்ஸ். கை சும்மா இருந்தால் எண்ணுவது சுலபம். ஆடினால் ரத்தமும் அலையும், வாட்சும் நகரும், வெளி வெளிச்சமும் உள்ளே புகும். 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளை 60 பேரிடம் கொடுத்து நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க விட்டார்கள். ஆறு கருவிகளின் பல்ஸ் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் பார்த்தபோது, அசைவு இருந்தால் ஓய்வில் இருப்பதைவிடப் பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது.

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, நழுவாத அளவுக்குக் கட்டுங்கள். வளையல் மாதிரி தொங்கவிட்டால் அது நகைதான், கருவி இல்லை.

*நான் நல்ல கறுப்பு. பச்சை விளக்கு என் தோலுக்குள் போகுமா?*
— கல்லூரி மாணவர், திருக்கழுக்குன்றம்

போகும் தம்பி. தோலின் நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் நியாயமான சந்தேகம்தான். டியூக் ஆய்வில் வெவ்வேறு நிறமுள்ள 53 பேரைப் பார்த்தார்கள். பல்ஸ் கணக்கில் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் ரத்த ஆக்ஸிஜன் வேறு கதை. அதை அளப்பது சிவப்பு ஒளியும் அகச்சிவப்பும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டிக்கொண்டோமே, அந்த ஆக்ஸிமீட்டர், கறுப்பின நோயாளிகளின் ஆக்ஸிஜன் குறைவை வெள்ளையர்களுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. அதுவும் ஆய்வில் பார்த்தது மருத்துவமனைக் கருவியை. மணிக்கட்டில் கட்டும் வாட்ச் காட்டும் 98-ஐப் பார்த்துப் பூரித்துப்போக வேண்டாம்.

*இட்லியில் கட்டினால் பல்ஸ் காட்டுமா?*
— ஓட்டல் முதலாளி, புதுப்பட்டினம்

காட்டினாலும் ஆச்சரியமில்லை. சீனாவில் சில ஆண்டுகளுக்கு முன் கழிப்பறைக் காகித உருளையில் பட்டையைக் கட்டினார்கள். உருளைக்கு இதயம் துடித்தது. ஒளி எதிரொளிப்பதில் ஒரு தாளம் கிடைத்தால் போதும், கருவி அதைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். உயிர் இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. நீங்கள் இட்லியில் கட்டுவதற்குமுன் ஆறவிடுங்கள், வாட்ச் கெட்டுவிடும்.

*நான் கல்லில் சிலை செய்பவன். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை. சாயங்காலம் பார்த்தால் ஏகப்பட்ட அடி நடந்ததாக வாட்ச் பாராட்டுகிறது!*
— சிற்பி, மாமல்லபுரம்

சுத்தியல் பிடிக்கும் கையில் கட்டியிருப்பீர்கள். வாட்சுக்குக் கால் தெரியாது; கை சீராக ஆடினால் நடை என்று எழுதிக்கொள்ளும். உளியில் விழும் ஒவ்வோர் அடியும் அதன் கணக்கில் பாதத்தின் அடி! இன்னொரு சங்கடமும் உண்டு. வேகமான தாளத்தில் கை ஆடும்போது, பல்ஸ் கணக்கே அந்தத் தாளத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஓட்டக்காரர்களுக்கு இது பழகிய தொல்லை: நிமிடத்துக்கு 170 காலடி வைத்தால் துடிப்பும் 170 என்று வரும், நிஜத்தில் 140 ஆக இருந்தாலும். வேலை நேரத்தில் கழற்றி வைத்துவிடுங்கள்.

அந்தப் ‘பத்தாயிரம் அடி’ இலக்கும் மருத்துவர்கள் வகுத்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி நடையளவி விற்கக் கிளம்பியது. ‘மான்போ-கே’, அதாவது பத்தாயிரம் அடி மானி என்று பெயர் வைத்தது. விளம்பரத்துக்குப் பிறந்த எண், இன்றைக்கு உலகத்தையே நடக்க வைக்கிறது. கெடுதல் இல்லை. வாட்ச் கைதட்டினாலும் தட்டாவிட்டாலும் மாலையில் எழுந்து கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள்.

*ராத்திரி பூரா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் வாட்ச் ‘6 மணி 50 நிமிடம் தூங்கினீர்கள், சபாஷ்’ என்கிறது. யார் பொய்?*
— இல்லத்தரசி, வாயலூர்

வாட்ச்தான் அம்மா. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நின்று, கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் எலிகள் அதை நம்பி நிற்கின்றன. அசையாமல் இருப்பவர்களெல்லாம் தவசி என்று எலிகள் நினைத்தன. அசையாமல் படுத்திருப்பவர்களெல்லாம் தூங்குகிறார்கள் என்று வாட்ச் நினைக்கிறது.

தூக்கத்தை நேராக அளக்க வேண்டுமானால் தலையில் மின்முனை ஒட்டி மூளை அலையைப் பார்க்க வேண்டும். கண்ணசைவையும் தாடைத் தசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்லீப் லேபில் அதைத்தான் செய்கிறார்கள். ராத்திரியை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று குறிப்பார்கள். வாட்சுக்கு மூளை எட்டாது. கை அசைகிறதா, துடிப்பு தணிந்திருக்கிறதா, துடிப்புகளுக்கிடையே இடைவெளி எப்படி மாறுகிறது என்று பார்த்து ஊகிக்கிறது. நீங்கள் தூங்கிய நேரத்தைத் தூக்கம் என்று சொல்வதில் அது கெட்டி. விழித்துக் கிடந்த நேரத்தை விழிப்பு என்று சொல்வதில்தான் சறுக்கும். நன்றாகத் தூங்குபவருக்கு அது ஏறக்குறைய சரியாகச் சொல்லும், தூக்கமில்லாமல் தவிப்பவருக்குத் தப்பாகச் சொல்லும். யாருக்கு அது தேவையோ அவருக்கே உதவாது!

தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லும்போது வாட்ச் கணக்கைக் காட்டி அவரைக் குழப்பாதீர்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள்.

*எனக்கு ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்தான். என் தோழிக்கு ஒன்றரை மணி நேரம். கவலையில் தூக்கமே வரவில்லை.*
— ஐ.டி. ஊழியர், கேளம்பாக்கம்

அந்தக் கவலைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: ஆர்த்தோசோம்னியா. 2017-ல் அமெரிக்காவில் சில மருத்துவ ஆய்வாளர்கள், கருவியில் நல்ல எண் வரவேண்டும் என்பதற்காகவே தூக்கத்தைத் தொலைத்தவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆய்வகம் நன்றாகத்தான் தூங்கியிருக்கிறீர்கள் என்றாலும் நம்பாமல் கையில் கட்டியதையே நம்பினவர்களும் அதில் உண்டு.

மறு வருடமே இங்கிலாந்தில் வேறொரு விளையாட்டு நடந்தது. தூக்கமின்மையால் அவதிப்படும் 63 பேருக்குக் கையணி கொடுத்து, நிஜக் கணக்கை மறைத்து, சிலருக்கு ‘நேற்று மோசமான தூக்கம்’ என்றும் சிலருக்கு ‘நல்ல தூக்கம்’ என்றும் பொய் எண்களைக் காட்டினார்கள். மோசம் என்று சொல்லப்பட்டவர்கள் அன்றைக்கு மனமும் உடம்பும் சோர்ந்து திரிந்தார்கள். எப்படித் தூங்கினோம் என்பதைவிட, எப்படித் தூங்கினோம் என்று சொல்லப்பட்டதே அவர்கள் பகலைத் தீர்மானித்தது.

இன்னொன்றும் கேளுங்கள். ஆய்வகத்திலேயே ஒரே பதிவைத் தேர்ந்த நிபுணர்கள் தனித்தனியாகப் படித்தால், நூற்றுக்கு எண்பது சொச்சம் துண்டுகளில்தான் ஒத்துப்போகிறார்கள். நிலைமை இப்படி இருக்க, உங்கள் மணிக்கட்டு 42 என்று நிமிடச் சுத்தமாகச் சொல்கிறது. காலையில் எழுந்ததும் வாட்சைப் பார்க்குமுன் ‘தெளிவாக இருக்கிறேனா?’ என்று உங்களையே கேளுங்கள். தோழியின் வாட்சைப் பார்க்கவே வேண்டாம்.

*கணவர் விடும் குறட்டையில் ஜன்னல் அதிர்கிறது. அவர் வாட்ச் மட்டும் தினமும் 90 மார்க் போடுகிறது.*
— பெயர் வேண்டாம், அணுபுரம்

வாட்ச் பக்கத்தில் படுத்திருப்பது நீங்களும்தானே, உங்கள் சாட்சியம் பெரியது. குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி ஆரம்பிக்கிறதா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறதா? பி.பி. அதிகமா? ஆம் என்றால் ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொல்லிக் கையோடு அழைத்துப் போங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் அறிகுறியை எச்சரிக்கும் வசதிக்கு 2024-ல் சாம்சங், ஆப்பிள் இரண்டு வாட்சுகளுக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. எச்சரித்தால் போய்ப் பார்க்க வேண்டும். எச்சரிக்கவில்லை என்பதை மட்டும் நற்சான்றிதழாக மாட்டி வைத்துக்கொள்ளக் கூடாது.

*விடியுமுன் கடலுக்குப் போகிறவன். சாயங்காலம் கொஞ்சம், மதியம் கொஞ்சம் என்று தூங்குகிறேன். ‘போதுமான தூக்கம் இல்லை’ என்று வாட்ச் திட்டிக்கொண்டே இருக்கிறது.*
— மீனவர், சதுரங்கப்பட்டினம் குப்பம்

வாட்சின் கணக்கில் மனிதன் என்றால் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவன். துண்டு துண்டான தூக்கத்தைச் சேர்த்துக் கூட்டப் பல கருவிகளுக்கு வராது. சிலது 3 மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கத்துக்குப் படிநிலையே பிரிக்காது. போதாக்குறைக்கு, குளிர்காற்றில் நனைந்த கையில் ரத்த ஓட்டம் சுருங்கும். எஞ்சின் அதிர்வும் சேர்ந்தால் பல்ஸும் தடுமாறும். கடலில் அது நேரம் பார்க்க மட்டும். தூக்கக் கணக்கை நீங்களே போடுங்கள் அண்ணே: இரண்டு வேளையும் கூட்டி ஏழுக்குப் பக்கத்தில் வந்தால் திட்டை அலட்சியம் செய்யலாம். நாலு, ஐந்து என்று நின்றால் வாட்ச் திட்டாவிட்டாலும் நான் திட்டுவேன்.

*டச்சுக் கோட்டைக் காலத்தில் இந்த வாட்ச் இருந்திருந்தால்?*
— பள்ளி மாணவி, சதுரங்கப்பட்டினம்

1782 பிப்ரவரி 17 அன்று உங்கள் ஊர்க் கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் மோதிக்கொண்டார்கள். யாருக்கும் முழு வெற்றி இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் ‘சற்று ஓய்வெடுங்கள்’ என்று வந்திருக்கும்.

ஆனால் பல்ஸுக்கென்றே ஒரு கடிகாரம் அப்போதே இருந்தது கண்ணு. ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கில மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, நாடியை எண்ணும் முறையை 1707-ல் புத்தகமாகவே போட்டார். எண்ணியது அவர் விரல். நேரம் காட்டியது கடிகாரம்.

*செஸ் ஒலிம்பியாடில் வீரர்கள் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் யாருக்குப் படபடப்பு என்று தெரிந்திருக்குமே?*
— பூஞ்சேரி வாசகர்

யாருக்கு என்று தெரிவதற்குள் ஆட்டம் தோற்றதாக அறிவித்திருப்பார்கள். ஆட்டக்கூடத்தில் மின்னணுக் கருவிக்கு இடமில்லை. 2023-ல் கத்தாரில் எதிராளி சாதாரண முள் கடிகாரம் கட்டியிருந்ததற்கே செஸ் வீரர் கார்ல்சன் முகம் சுளித்தார். 2022-ல் உங்கள் பூஞ்சேரி ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்ற குகேஷின் பல்ஸ் தெரியாது. எதிரே உட்கார்ந்தவர்களுடையதை ஊகிக்கலாம்.

*கதிர்வீச்சு அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அது ஒன்றும் காட்டுவதில்லை. கையில் இருக்கும் வாட்ச் எல்லாவற்றையும் காட்டுகிறது. எது உசத்தி?*
— ஷிஃப்ட் ஊழியர், கல்பாக்கம்

ஊமை பேட்ஜ்தான், சந்தேகமே வேண்டாம்.

அதற்குள் இருப்பது கால்சியம் சல்ஃபேட்டில் டிஸ்ப்ரோசியம் சேர்த்த வில்லைகள். கதிர்வீச்சு பட்டால் அந்த ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் ஒளியாகக் கக்கும். எவ்வளவு ஒளியோ அதற்கேற்ற கதிர்வீச்சு. அளவு தெரிந்த கதிர்வீச்சைக் காட்டி, இவ்வளவுக்கு இவ்வளவு என்று முன்பே சரிபார்த்து வைத்திருப்பார்கள். வருகிற எண்ணுக்கு மில்லிசீவர்ட் என்று அலகு உண்டு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 என்று வரம்பு உண்டு, கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு.

இப்போது வாட்சின் ‘ஸ்லீப் ஸ்கோர் 82’-ஐ எடுங்கள். எண்பத்திரண்டு என்ன? கிலோவா, லிட்டரா? எந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தது? கணக்குமுறையைக் கம்பெனி முழுசாக வெளியே சொல்லாது. ஒரு ராத்திரி மென்பொருள் அப்டேட் வந்தால், நீங்கள் அதே பாயில் அதே மாதிரி தூங்கியும் 82 என்பது 74 ஆகலாம். அப்டேட்டுக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

ஆகவே திரையில் வரும் எண்களை இரண்டு கூறாக்குங்கள்: எண்ணியது, ஊகித்தது. ஓய்வில் இருக்கும்போது காட்டும் பல்ஸ் எண்ணியது. தூக்கப் படிநிலை, ஸ்ட்ரெஸ், கலோரி, ‘உடல் பேட்டரி’ எல்லாம் ஊகித்தது. ஊகத்திலும் பயன் உண்டு: ஒரே கருவியில் வாரக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் உங்கள் தூக்கம் எவ்வளவு அடிவாங்குகிறது என்பது அதில் தெரியும். ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

*வேதகிரி மலையேறும்போது ‘அதிகபட்சத் துடிப்பைத் தாண்டிவிட்டீர்கள்’ என்று கை அலறியது. வயது 60. பயந்து பாதியில் இறங்கிவிட்டேன்.*
— பக்தர், செங்கல்பட்டு

ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். துடிப்பு ஏறத்தான் செய்யும். உங்கள் அதிகபட்சம் என்ன என்று வாட்ச் எப்படிக் கண்டது? 220-லிருந்து வயதைக் கழித்திருக்கும்: 160. இது 1971-ல், கிடைத்த சில ஆய்வுகளைச் சேர்த்து உத்தேசமாகப் போட்ட கோடு. 2001-ல் வந்த வேறொரு சூத்திரப்படி உங்களுக்கு 166. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படி இருப்பது சகஜம். நெஞ்சு பிசைந்தாலோ தலை சுற்றினாலோ இறங்கியது சரி. மூச்சு வாங்கியது மட்டும்தான் என்றால், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு அடுத்த தடவை நிதானமாக ஏறி வேதகிரீஸ்வரரைப் பாருங்கள்.

*சித்த வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வதை வாட்ச் சரிபார்க்குமா?*
— தாம்பரம் சானடோரியம் வாசகர்

தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை வீட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள். வைத்தியர் கட்டைவிரல் பக்கத்துத் தமனியில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறார். வாட்ச் மணிக்கட்டின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை துடிப்பு என்று மட்டும் எண்ணுகிறது. அவரை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவர் பார்க்கும் இடமே வேறு.

*ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச் ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வருகிறது. வாங்கட்டுமா?*
— சர்க்கரை நோயாளி, மதுராந்தகம்

வேண்டவே வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் ரிங்குக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தோலுக்கடியில் நுண்கம்பி செருகி, போனுக்கோ வாட்சுக்கோ அளவு அனுப்பும் சென்சார் வேறு. அது நிஜமான கருவி. பி.பி.யும் இப்படித்தான்: முறையான வாட்சுகளேகூட நான்கு வாரத்துக்கு ஒருமுறை கைப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்கின்றன. திருத்தவே கேட்காத மலிவு வாட்ச் 120/80 காட்டினால், அது உங்களைச் சந்தோஷப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

*400 கலோரி எரித்ததாக வாட்ச் சொன்னது. இரண்டு மெதுவடை சாப்பிட்டேன். தப்பா?*
— கோவளம் வாசகர்

வடை தப்பில்லை, கணக்குதான் தப்பு. அதே ஸ்டான்ஃபோர்டு சோதனையில் கலோரிக் கணக்கில் எந்தக் கருவியும் தேறவில்லை. மிகத் துல்லியமானதே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. கடைசியில் வந்தது 93 சதவீதம்!

*‘துடிப்பில் ஒழுங்கின்மை’ என்று எச்சரிக்கை வந்தது. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாமா?*
— கூவத்தூர் வாசகர்

விடாதீர்கள். இவ்வளவு நேரம் வாட்சைக் கிண்டல் செய்தேன். இந்த ஒரு விஷயத்தில் அதற்கு மரியாதை கொடுக்கிறேன். 2019-ல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பங்கேற்றார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான், எல்லோரையும் பயமுறுத்தவில்லை. எச்சரிக்கை வந்தவர்களில் 450 பேர் நெஞ்சில் இ.சி.ஜி. ஒட்டி அனுப்பிய பதிவைப் பார்த்ததில், 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளப்பிசகு நிஜமாகவே இருந்தது. இது வந்து வந்து போகும் சமாசாரம் என்பதால், ஒட்டிய நாளில் தெரியாதவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கவனிக்காமல் விட்டால் மூளையில் பக்கவாதம் வரை போகும். இ.சி.ஜி. எடுங்கள், தேவைப்பட்டால் 24 மணி நேரம் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவி வைப்பார்கள்.

*நெஞ்சு கனமாக இருந்து, இடது கை வலித்தது. வாட்சில் பல்ஸ் 76, இ.சி.ஜி. நார்மல் என்று வந்ததால் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். சரிதானே?*
— சதுரங்கப்பட்டினம், வயது 54

சரியில்லை. இதைப் படித்து முடித்ததும் கிளம்பி டாக்டரைப் பாருங்கள். வாட்ச் எடுக்கும் இ.சி.ஜி. ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்ப்பது. ஆஸ்பத்திரியில் எடுப்பது பன்னிரண்டு கோணம். மாரடைப்பை இது கண்டறியாது என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மாரடைப்பு நேரத்தில் பல்ஸ் 76 ஆகவும் இருக்கலாம். இனி ஒருமுறை நெஞ்சு கனத்தால், வியர்த்தால், கையோ தாடையோ வலித்தால், திரையைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.